நாற்காலியின் மேல் ஒரு கை

டாக்குரியா, கொல்கத்தா
18 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நாகுவின் நமஸ்காரம்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மன்னிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததா? இங்கே நானும் இவரும் சௌக்கியம். மழை இன்னும் பிடிக்கவில்லை, வேர்த்து ஊற்றுகிறது.

கௌசிக் கல்யாணப் படங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட அன்றே நீ குழுவை விட்டுப் போய்விட்டாய். போன் பண்ணினால் காது கேட்கவில்லை என்கிறாய். அதில் நிஜம் எவ்வளவு, சௌகரியம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கடிதத்தை மடித்து வைக்கலாமே தவிர, காது கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன். உன் பிள்ளை கௌசிக்கும் அவன் பெண்டாட்டி மேக்னாவும் இங்கே டாலிகஞ்சில் நன்றாக இருக்கிறார்கள். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இனி ஒவ்வொரு கடிதத்திலும் சொல்வேன்.

விஷயம் இதுதான். வருகிற ஜனவரியில் எங்கள் பள்ளிக்கு எழுபது வயது. 'கொல்கத்தாவில் தமிழர்' என்று ஒரு புகைப்படக் கண்காட்சி வைக்க வேண்டுமாம். சரித்திர டீச்சர் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்கிறேன். வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைப் பழைய படத்தின் மேல் வைத்து மெல்ல நகர்த்த வேண்டும், ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். முழுப் படத்தையும் காட்டினால் 'பழைய காலத்து மனிதர்கள்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஓட்டை வழியாகப் பார்த்தால்தான் பொத்தான் தெரிகிறது, தைத்த செருப்பு தெரிகிறது, யார் யாரை ஒட்டி நிற்கிறார்கள் என்பது தெரிகிறது.

அப்பாவின் டிரங்குப் பெட்டி உன்னிடம் இருக்கிறது. அதில் இருக்கும் கல்கத்தாப் படங்களை அனுப்பி வை.

உன் அன்புத் தங்கை,
நாகு

---

தில்லைநகர், திருச்சி
5 ஜூலை 2025

சௌபாக்கியவதி நாகுவுக்கு அநேக ஆசீர்வாதம்.

இங்கு அனைவரும் க்ஷேமம். மாப்பிள்ளை குருமூர்த்தியின் சௌக்கியத்துக்கு எழுதவும். என் முழங்கால் தன் இஷ்டப்படி இருக்கிறது. உன் மன்னி சர்க்கரையை விட்டாலும் சர்க்கரை அவளை விடுவதாயில்லை.

ஓட்டை வழியாகச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற டீச்சரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நீ கண் டாக்டர் வேலைக்குப் போயிருக்கலாம். பெட்டியைப் பரணிலிருந்து ஆள் வைத்து இறக்கினேன். ஐந்து படங்கள் வைத்திருக்கிறேன். பூஜைப் பந்தல் வாசலில் அம்மா, நம் வீட்டுக் கொலு, லேக் மார்க்கெட்டில் இடுப்பளவு தண்ணீரில் குடையோடு அப்பா, இப்படி. வேறு எதுவும் உருப்படியாக இல்லை. கரையான் தின்றது போக மீதி இவ்வளவுதான்.

காரியம் முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
வெங்கடநாராயணன்

---

டாக்குரியா
24 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

படங்கள் வந்தன. குடையோடு அப்பாவைப் பார்த்து வகுப்பே சிரித்தது. கொலுப் படத்தில் பக்கத்து வீட்டு மாஷிமாவின் குழந்தை அம்மாவின் மடியிலும், நீ மாஷிமாவின் மடியிலும் இருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். உன்னைப் பார்த்து 'இந்தக் குண்டுப் பையன் யார் மிஸ்' என்றார்கள். சொன்னேன். கௌசிக்குக்கும் காட்டினேன், அவனும் மேக்னாவும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது இதைப் படி. பள்ளிக்கூடத்தில் மாட்டியிருக்கும் ஸ்தாபகர்கள் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். 1956இல் எடுத்தது, நாற்காலி போட்டு உட்கார்ந்த கமிட்டி ஆண்கள், வலது கோடியில் அப்பா. அதன் நகலை வகுப்பில் கொடுத்தேன். ஸ்மிதா என்று ஒருத்தி, நாலாவது தலைமுறைக் கொல்கத்தாக்காரி, தமிழை விட வங்காளம் நன்றாகப் பேசுவாள். அவளுடைய ஓட்டைக்குள் அப்பாவின் நாற்காலி முதுகு வந்தது. அதன் மேல் ஒரு கை. அப்பாவின் கைகள் இரண்டும் மடியில் இருக்கின்றன. பின்னால் யாரும் இல்லை. மணிக்கட்டுக்கு மேல் படம் முடிந்துவிடுகிறது, அந்த ஓரம் மட்டும் கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. கையில் ஒரு வெள்ளை வளையல், ஒட்டினாற்போல் ஒரு கறுப்பு வளையல்.

"மிஸ், இது ஷாக்கா-போலா" என்றாள் ஸ்மிதா. இங்கே கல்யாணமான வங்காளப் பெண்கள் போட்டுக்கொள்ளும் சங்கு வளையலும் பவள வளையலும். பழைய படத்தில் சிவப்பு கறுப்பாகத்தானே விழும்.

இந்தப் படத்தின் கீழே நின்றுதான் தினமும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிறேன். ஒருநாளும் பார்த்ததில்லை. யாரையோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். கையையும் வெட்டினால் அப்பாவின் தோளையும் வெட்ட வேண்டி வந்திருக்கும் என்று விட்டிருக்கிறார்கள். வெட்டாத படம் பெட்டியில் இருக்கிறதா? அந்தக் கை யாருடையது, அண்ணா?

உன்,
நாகு

---

திருச்சி
6 செப்டம்பர் 2025

சௌ. நாகுவுக்கு ஆசீர்வாதம்.

பதில் தாமதம். ஆடிப்பெருக்குக்கு மன்னியின் தம்பி குடும்பம் வந்து தங்கிவிட்டது. இந்த வருஷம் காவிரியில் நல்ல தண்ணீர். அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. உனக்குப் பிடித்த மணத்தக்காளி வற்றல் பார்சலில் வருகிறது.

கை பற்றிக் கேட்டிருந்தாய். அந்த நாளில் படம் எடுக்கும்போது ஆயாக்கள், வேலைக்காரர்கள் என்று சுற்றி நிறையப் பேர் நிற்பார்கள். அப்படி யாராவது இருக்கும். உங்கள் செக்ரட்டரி ஸ்ரீனிவாசராகவன் விவரம் தெரிந்தவர், அவரைக் கேள். கொலு, கோலம், காப்பி ஃபில்டர் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆயிரம் இருக்க, வெட்டிப் போட்டதைத் தேடிக்கொண்டு போவானேன்?

குருமூர்த்தியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வெங்கடநாராயணன்

---

டாக்குரியா
18 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

வற்றல் வந்தது, பாதியை மேக்னா எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு இப்போது வற்றல் குழம்பு வைக்கத் தெரியும்.

நீ சொன்னபடியே செக்ரட்டரியைக் கேட்டேன். அவரும் ஆயா என்றுதான் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "விழாவுக்கு அந்தப் படத்தைப் பெரிசா ஃப்ளெக்ஸ் அடிக்கறோம் மேடம். அந்தக் கை அசிங்கமா இருக்கு, எடுத்துடச் சொல்லிட்டேன். கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷ வேலை." கெட்ட மனிதர் இல்லை அவர். பள்ளிக்காக ஓடாய்த் தேய்கிறவர். ஆனால் அன்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முன்பு உடம்பை எடுத்தார்கள், இப்போது மிச்சமிருக்கும் கையையும் எடுக்கப் போகிறார்கள்.

பள்ளி முதலில் டாக்குரியாவில் ஒரு வீட்டு முன்னறையில் நடந்தது என்று பழைய விழா மலரில் ஒரு வரி இருக்கிறது. வீடு யாருடையது என்று இல்லை. பிள்ளைகள் படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் தெருத் தெருவாகக் கேட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்தவரின் பையன் அர்ஜுனன், அவனுக்கு வங்காளம் வராது. கேள்விகளை அவன் தமிழில் எழுதிக் கொடுக்க, ஸ்மிதா வங்காளத்தில் கேட்டாள். நிதாய் பாபு என்ற முதியவர் தன் வீட்டு எதிரே காட்டினார். அது லாஹிரி வீடாம். அந்த வீட்டு 'மாத்ராஜி', அதாவது மதராஸி மருமகள் முன்னறையில் பாய் விரித்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாளாம். அதுதான் பள்ளியாம். படத்தைக் காட்டியதும் அந்தக் கையின் மேல் விரலை வைத்து, "இது காமு தீதி" என்றாராம். கட்டடம் எழும்பியதும், இப்படிக் கல்யாணம் செய்துகொண்டவள் நம் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதா என்று கமிட்டி அவளை நிறுத்திவிட்டது. அவளுடைய அண்ணாவே அந்தக் கமிட்டியில் இருந்தார் என்றும் சொன்னார்.

அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு, சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள் என்று நம் வீட்டில் சொல்வார்கள். அவள் பெயர் காமு.

நிதாய் பாபுவின் காமு தீதி 1994இல்தான் காலமானாள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அவள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே ஒரு ரயில் பாதைதான். எனக்கு ஓர் அத்தை இருந்திருக்கிறாள், என்னைப் போலவே டீச்சர், ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில். எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதற்கு மட்டும் பதில் எழுது. காவிரியில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதாதே.

நாகு

---

டாக்குரியா
20 அக்டோபர் 2025, தீபாவளி

அண்ணாவுக்கு நமஸ்காரம். கங்கா ஸ்நானம் ஆச்சா?

நவராத்திரி போயிற்று, பூஜை போயிற்று, தீபாவளியும் வந்துவிட்டது. உன்னிடமிருந்து வரி இல்லை. இங்கே இன்று காளி பூஜை, காது கிழிகிறது. கௌசிக்கும் மேக்னாவும் காலையில் வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நம் வீட்டு லேகியம் தின்றுவிட்டுப் போனார்கள். உனக்கும் மன்னிக்கும் நமஸ்காரம் சொல்லச் சொன்னாள் அந்தப் பெண். தெற்கே பார்த்து விழுந்தே நமஸ்காரம் பண்ணினாள். நான் தடுக்கவில்லை.

நீ பதில் எழுதாததே எனக்குப் பதில். உனக்குத் தெரியும். அதனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். கௌசிக்கின் கல்யாணப் படத்தில் நீ இல்லை. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உனக்காகப் போட்ட நாற்காலி காலியாகவே விழுந்திருக்கிறது. அப்பா கத்தரியால் வெட்டினார். நீ வராமல் இருந்தே வெட்டினாய். அவனுக்கு ஒரு வங்காளப் பெண்ணை என் வீட்டில் வைத்துக் கல்யாணம் செய்துகொடுத்ததற்காக என் மேல் உனக்குக் கோபம் என்று தெரியும். இன்னொரு தடவை கேட்டாலும் செய்துகொடுப்பேன்.

நாகு

---

திருச்சி
10 நவம்பர் 2025

நாகுவுக்கு ஆசீர்வாதம்.

தெரியும். அத்தையை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். டாக்குரியா ஸ்டேஷனில். எனக்கு ஆறு ஏழு வயது. எதிர் பிளாட்பாரத்திலிருந்து ஒரு பெண் 'அண்ணா' என்று கூப்பிட்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரயில் வந்து மறைத்துவிட்டது. யார் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார்.

பத்தாம் ஆண்டு விழாவுக்குப் படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா வீட்டில் உட்கார்ந்து தன் கையாலேயே வெட்டினார். அன்று அவர் சாப்பிடவில்லை. வெட்டிய துண்டு எங்கே என்று நீ கேட்காதே.

அப்பாவின் பெயர் உங்கள் பள்ளிக் கல்வெட்டில் இருக்கிறது. பெற்ற பெண்ணே அவரைச் சந்தி சிரிக்க வைக்க வேண்டுமா? யோசித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

வெங்கடநாராயணன்

---

திருச்சி
13 நவம்பர் 2025

அன்புள்ள நாகுவுக்கு மன்னி எழுதிக்கொண்டது.

நாங்கள் நலம், நீ நலமா? உன் அண்ணாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தபாலாபீஸில் உட்கார்ந்திருக்கிறேன்.

படத்திலிருந்து வெட்டிய துண்டு இவரிடம்தான் இருக்கிறது. சின்னப் பையனாக இருந்தபோது தரையில் கிடந்ததை எடுத்து வைத்துக்கொண்டாராம். ஏன் எடுத்தேன் என்று தெரியாது என்பார். இத்தனை வீடு மாறியும் அதைத் தொலைக்கவில்லை. உன் தீபாவளிக் கடிதம் வந்ததிலிருந்து அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, என் கத்தரிக்காய்க் கூட்டில் மட்டும் குறை சொல்கிறார்.

நாகு, நான் பெற்ற பிள்ளையை ஒன்பது மாதமாகப் பார்க்கவில்லை. நீ விடாதே. இவரை இன்னும் நன்றாகத் திட்டி எழுது. உன் திட்டைத்தான் மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கிறார்.

அன்புடன்,
மன்னி

---

டாக்குரியா
1 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. முழங்காலுக்குக் கம்பளி உறை பார்சலில் அனுப்பியிருக்கிறேன், மேக்னா பின்னியது. போட்டுக்கொள்வதும் போடாமல் இருப்பதும் உன் இஷ்டம். வலி உன்னுடையது.

யோசித்துக்கொள் என்றாய். யோசித்தேன். அப்பாவை நான் சந்தி சிரிக்க வைக்கவில்லை. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மழைத் தண்ணீரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். அவரும் என் அப்பாதான், வெட்டியவரும் அவர்தான். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒன்றை மட்டும் சொன்னால் நான் சரித்திர டீச்சர் இல்லை.

செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டு, கண்காட்சியைப் பட்டாபிராமன் சாரிடம் கொடுத்துவிடட்டுமா என்று நாசூக்காகக் கேட்டார். கணக்கு சார் பாவம், அவருக்கு எதற்கு இந்தத் தலைவலி? முடியாது என்று சொல்லிவிட்டேன். எழுத்தில் தாருங்கள், எழுத்தில் பதில் தருகிறேன் என்றேன்.

பிள்ளைகள் ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் மேடையில் இருக்கட்டும். பழைய படம் நடைவழியில் தொங்கும். அதன் வலது பக்கத்தில் வெட்டுப்பட்ட அளவுக்கு ஒரு வெற்றுத் தாளை ஒட்டி, கீழே ஸ்டூடியோக்காரர்கள் எழுதுகிற மாதிரியே எழுதப் போகிறார்கள். 'அமர்ந்திருப்போர்' என்று எல்லா ஆண்களின் பெயரும். பிறகு, 'நிற்பவர்: காமு லாஹிரி, பள்ளியின் முதல் ஆசிரியை.' வெற்றுத் தாள் நன்றாக இருக்காதே என்று நான் சொன்னதற்கு, "நல்லா இல்லாமதான் மிஸ் இருக்கணும்" என்றான் அர்ஜுனன்.

உன் தலையணைக்கு அடியில் இருப்பது வந்தாலும் வராவிட்டாலும் படம் தொங்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதே. விழா ஜனவரி 18.

உன்,
நாகு

---

திருச்சி
2 ஜனவரி 2026

சௌ. நாகுவுக்கு ஆசீர்வாதம்.

உறை கிடைத்தது. முழங்காலுக்கு இதமாக இருக்கிறது.

சனிக்கிழமை கௌசிக்குக்குப் போன் பண்ணினேன். காது கேட்டது. நேற்று இருவரும் வந்து இறங்கினார்கள். மன்னி காலையிலிருந்து சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு மோர்க்குழம்பில் காரம் போதவில்லையாம். என்னிடமே சொல்கிறாள்.

நீ கேட்டதைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. அவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் இறங்கி நேரே உன் வீட்டுக்குத்தான் வருவார்கள். கோந்து அதிகம் வைக்காதே, பழைய காகிதம்.

வெங்கடநாராயணன்

---

டாக்குரியா
20 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும் நமஸ்காரம்.

இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம்.

துண்டு வந்தது. ஸ்மிதாதான் அதை ஒட்டினாள். அத்தையை முதல் தடவையாகப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் கேமராவுக்குப் பயந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் மட்டும் தலையை நிமிர்த்தி நேராகப் பார்க்கிறாள். இன்னொரு கையில் சாக்பீஸ். முகவாய் என்னுடையது. நான் கொஞ்ச நேரம் வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

துண்டு சரியாகப் பொருந்தவில்லை. நடுவே கோணலாக ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. செக்ரட்டரி விழாவன்று படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசியில், அந்தக் கோட்டையாவது கம்ப்யூட்டரில் சரி செய்துவிடலாமே என்றார். பிள்ளைகள் என்னை முந்திக்கொண்டு வேண்டாம் என்றார்கள். நிதாய் பாபுவை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம். அவர் படத்தைப் பார்த்து, 'காமு தீதி, லேட் ஆயிடுச்சு' என்று வங்காளத்தில் சொன்னார், வகுப்புக்குத் தாமதமாக வந்த பையனைப் போல. பிறகு எல்லோரும் மேடைக்குப் போய்விட்டார்கள். மேடையில் கையில்லாத ஃப்ளெக்ஸ் பளபளவென்று இருந்தது. அதன் முன்னால் யாரும் நிற்கவில்லை.

நேற்றுக் கமிட்டியிடமிருந்து மெமோ வந்தது. அனுமதியின்றி ஸ்தாபகர் படத்தில் மாற்றம் செய்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஒரே வரியில் பதில் கொடுத்தேன்: 'படத்தில் நின்றவரைப் படத்தில் நிறுத்தினேன்.' அடுத்த மாதம் கூட்டத்தில் படத்தைக் கழற்றச் சொல்வார்களாம். நான் கழற்றமாட்டேன். என்னை வேண்டுமானால் கழற்றட்டும், ஓய்வுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது, அத்தை செய்த மாதிரி முன்னறையில் பாய் விரித்துக்கொள்வேன். ஸ்மிதா இப்போதே இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

கௌசிக் திருச்சியில் எடுத்த படத்தைக் காட்டினான். நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய், மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அச்சு அசல் அப்பா. பின்னால் மேக்னா நிற்கிறாள். அவள் தள்ளி நின்றாளாம். "கிட்ட வா, கையை நாற்காலி மேல வெச்சுக்கோ" என்று நீதான் சொன்னாயாம். சங்கும் பவளமும் கலரில் நன்றாக விழுந்திருக்கின்றன.

ஒரு பிரதி எனக்கு வேண்டும், பெரிதாகப் போட்டு அனுப்பு. ஓரத்தை மட்டும் யாரையும் தொடவிடாதே.

உன் அன்புத் தங்கை,
நாகு